வீட்டுக்கு வெப்பக்காப்பு, அரச உதவியோடு: வாசலுக்கு வருபவரிடம் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி (லண்டன், ஹரோவிலிருந்து ஒரு வாசகர், 2025 ஒக்டோபர் 17)

1930களில் கட்டப்பட்ட இரட்டை வீடொன்றில் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் எங்களோடு இருக்கிறார்கள், அப்பாவுக்கு ஆஸ்துமா. வாசலுக்கு வந்த ஒருவர், அரச திட்டத்தின் கீழ் வெளிச்சுவர் முழுவதற்கும் இன்சுலேஷன் (வெப்பக்காப்பு) போட்டு, கூரைக்குக் கீழுள்ள லொஃப்டையும் நிரப்பித் தருவதாகவும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்றும் சொல்கிறார். அரசாங்கம் தருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

பதில், 2025 ஒக்டோபர் 18

வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரம் கையெழுத்து வைக்க வேண்டாம் என்கிறேன்.

"அரசாங்கம் தருவது" என்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அவர் சொல்வது பெரும்பாலும் ஈ.சி.ஓ.4 என்ற திட்டமாக இருக்கும். எரிவாயு, மின்சாரம் விற்கும் பெரிய நிறுவனங்கள் வறிய வீடுகளின் சூடாக்கும் செலவைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று 2013இல் ஒரு கடப்பாடு விதிக்கப்பட்டது. அதன் நான்காம் கட்டம் 2022இல் தொடங்கியது. இதற்குத் திறைசேரியிலிருந்து பணம் போவதில்லை. நிறுவனங்கள் செலவழித்து, அந்தச் செலவை எல்லோருடைய பில்லிலும் சேர்த்துவிடுகின்றன. ஆகவே உங்கள் வாசலுக்கு வந்த அந்தப் பணத்தில், குளிரில் சூடாக்கியைத் திறக்கப் பயந்து கம்பளிக்குள் இருக்கும் ஒரு கிழவியின் பங்கும் இருக்கிறது. அது வீணாகக்கூடாது என்று நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, அந்தப் பணம் எதற்காகக் கைமாறுகிறது என்பது. வேலை செய்யும் நிறுவனம் வீட்டின் எரிசக்திச் சான்றிதழை (ஏ மிக நல்லது, ஜி மிக மோசம்) ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு உயர்த்திக் காட்ட வேண்டும்: டி, ஈ தர வீடுகள் சி-க்கு வர வேண்டும், எஃப், ஜி தர வீடுகள் குறைந்தது டி-க்கு வர வேண்டும். இந்த உயர்வு கணினிக் கணிப்பில் நடப்பது. கணிப்புக்குக் கிடைக்கும் புள்ளிகளுக்குத்தான் பணம். வேலை முடிந்தபின் அந்த வீடு உண்மையில் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த மூலையில் ஈரலிப்புப் பிடித்தது என்பதற்கு ஒருவருக்கும் ஒரு பவுணும் இல்லை.

இதன் விளைவைத் தேசிய கணக்காய்வு அலுவலகம் கடந்த செவ்வாய்க்கிழமை, 14ஆம் திகதி, வெளியிட்ட அறிக்கையில் பார்க்கலாம். ஈ.சி.ஓ.4 திட்டத்திலும் அதனோடு நடந்த இன்னொரு திட்டத்திலும் வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டுக்குத் திருத்தவேண்டிய பெரிய குறைகள் இருக்கின்றன என்பது அதன் மதிப்பீடு. அது 22,000 முதல் 23,000 வரையான வீடுகள். உட்சுவர்க் காப்பில் 29 விழுக்காடு. 9,000 முதல் 13,000 வரையான வீடுகள். வெளிச்சுவர் வேலைகளில் 6 விழுக்காடு, அங்கே வசிப்பவர்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் உடனடி ஆபத்தானவை.

உங்களுக்குத் தருவதாகச் சொல்லப்படுவதும் வெளிச்சுவர்க் காப்புத்தான்.

அதே நாள், இரவு

ஒருவர், "அப்படியானால் இன்சுலேஷனே கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அறிக்கை பார்த்தது ஒற்றைச் சுவர்களின், அதாவது நடுவே இடைவெளி இல்லாத சுவர்களின், மேல் செய்யப்பட்ட வேலைகளை. லொஃப்டில் 270 மில்லிமீற்றர் தடிப்பில் காப்புப் பஞ்சு போடுவது வேறு விடயம். செலவு குறைவு, பிழை விட இடமும் குறைவு. கூரையோரத்துக் காற்று வழியை அடைக்காமல் போட்டால் போதும்.

2025 ஒக்டோபர் 21

என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், கிழக்கு லண்டனில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட செங்கல் வீடொன்றில் இருக்கிறார். அத்தான் காலமான பிறகு தனியே இருக்கிறார். அவருக்கும் வாசலில் வந்த ஒருவர் வழியாகவே இந்த வேலை கிடைத்தது. எந்த நிறுவனம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கேள்வி பதில் இழையின் நோக்கம் அதுவல்ல.

முதல் குளிர்காலத்தில் வீடு உண்மையாகவே சூடாக இருந்தது. அக்கா எல்லோருக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டார். இரண்டாம் குளிர்காலத்தில், மாடி அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. பூஞ்சணம். பிறகு படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரிலும் அதுவே வந்தது.

நான் கட்டடத் துறைக்காரன் அல்ல; ஆனால் அந்தச் சுவரைச் சுற்றி நின்று, தெரிந்தவர்களையும் கூட்டிவந்து பார்த்ததில் விளங்கியதை எழுதுகிறேன். பழைய ஒற்றைச் செங்கற்சுவர் மழையை உறிஞ்சும். காற்றும் வெயிலும் பட்டால் வெளியே விட்டுவிடும். அதற்கு மேலே நுரைப் பலகையை ஒட்டிப் பூச்சுப் பூசும்போது அந்தச் சுவருக்கு ஒரு மழையங்கி போடுகிறோம். மழையங்கிக்குள் கழுத்து வழியாகத் தண்ணீர் போனால் அங்கி போடாமல் இருந்ததைவிட மோசம். அக்காவின் வீட்டில் சுவர் நூறு மில்லிமீற்றர் தடித்துவிட்டது, கூரையின் ஓரமோ முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. நீட்டியிருக்க வேண்டும், நீட்டவில்லை. மழை பலகையின் மேல் விளிம்பில் விழுந்து பின்னால் இறங்குகிறது. யன்னல் விளிம்புக் கட்டைகளும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. தண்ணீர்க் குழாயைக் கழற்றாமல் அதைச் சுற்றி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். குழாய்க்குப் பின்னாலுள்ள சுவர் காப்பில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது. வீட்டுக்குள்ளே எழும் நீராவி, வேறெங்கும் குளிர்ந்த இடம் இல்லாததால், அந்த ஒரு கீற்றைத் தேடிப்போய்ப் படிகிறது. கறுப்பு வந்த இடம் சரியாக அந்தக் குழாயின் நேர்.

இதில் ஒன்றும் புதுமை இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரெஸ்டன் நகரில் ஃபிஷ்விக் என்ற பகுதியில் 2013இல், வேறொரு திட்டத்தின் கீழ், 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இதே வெளிச்சுவர்க் காப்புப் போட்டு, இதே வகைப் பிழைகளால் வீடுகள் ஈரலிப்பில் ஊறின. அதற்குப் பிறகு அரசு ஒரு பெரிய மீளாய்வு நடத்தியது. 2016இல் அதன் அறிக்கை வந்தது. அதன் பயனாக ட்ரஸ்ட்மார்க் என்ற பழைய தரமுத்திரை புதுப்பிக்கப்பட்டது; வீட்டை முழுமையாகப் பார்த்தே வேலை செய்ய வேண்டும் என்று விதிக்கும் பி.ஏ.எஸ். 2035 என்ற தரநெறி 2019இல் வந்தது. விதிகள் நல்ல விதிகள். வாசித்தால் அக்காவின் வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் நடக்கக்கூடாது என்று அவற்றில் இருக்கிறது.

அந்தத் தரநெறி, வேலையை மேற்பார்க்க ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கிறது. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று பாருங்கள். பல இடங்களில் அது வேலையைச் செய்யும் நிறுவனமேதான்.

2025 ஒக்டோபர் 23

"எங்கள் சமையல்தான் காரணம், சோறு வடிப்பதும் குழம்பு கொதிக்க விடுவதும் வீட்டுக்குள்ளேயே உடுப்புக் காயப்போடுவதும் நாங்கள்தானே, இன்சுலேஷனைக் குறை சொல்லலாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இதே பதிலை அக்காவுக்கும் சொன்னார்கள், யன்னலைத் திறந்து வையுங்கள் என்று. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. மனிதர் வாழும் வீட்டில் நீராவி எழும்பும். குளிப்பார்கள், சமைப்பார்கள், மூச்சு விடுவார்கள். சுவரையும் யன்னலையும் இறுக்கி அடைக்கும் எவரும், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி செய்து கொடுக்க வேண்டும் என்பது அந்த வேலையின் பகுதி. வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்திமதி அல்ல. குசினியிலும் குளியலறையிலும் காற்றிழுக்கும் விசிறி, கதவுகளின் கீழே இடைவெளி, யன்னல் சட்டத்தில் சிறு காற்றுத் துவாரம் ஆகியவை தரநெறியில் இருக்கின்றன. அக்காவின் வீட்டில் இவற்றில் ஒன்றும் பொருத்தப்படவில்லை. தரைக்கு அருகே இருந்த பழைய காற்றுக் கற்கள் (காற்றுப் போவதற்குத் துளையுள்ள கற்கள்) இரண்டையும் பூச்சு மூடிவிட்டது. சமையலைக் குறை சொல்வதற்கு முன் அவற்றைத் திறக்கட்டும்.

ஹரோ வாசகருக்கு: உங்கள் அப்பாவுக்கு ஆஸ்துமா. குளிர் வீடும் அவருக்கு ஆகாது, பூஞ்சணமும் ஆகாது. ஆகவே உங்கள் வீட்டில் காற்றோட்டத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்ற ஒரு கேள்வியையாவது அந்த மனிதரிடம் எழுத்தில் கேளுங்கள்.

2025 ஒக்டோபர் 29

பிரித்தானியாவின் பழைய திட்டங்களைப் பற்றிப் பலர் கேட்டதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். ஒவ்வொன்றும் முந்தியதிலிருந்து ஏதோ ஒன்றைத் திருத்த வந்து, இன்னொன்றைக் கெடுத்திருக்கிறது.

2013 ஜனவரியில் கிறீன் டீல் வந்தது. மானியம் அல்ல, கடன். வீட்டைத் திருத்தக் கடன் தருவோம். அதை மின்சார பில்லில் சிறிது சிறிதாகக் கட்டலாம். கட்டும் தொகை மிச்சமாகும் தொகையைவிடக் கூடாது. வீட்டை விற்றால் கடன் வீட்டோடு போகும், உங்களோடு வராது. இதைக் காகிதத்தில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இன்றும் அந்த யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வட்டி வீதம்தான் அதைக் கொன்றது. வீட்டுக்கடன் இருப்பவர் அதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கியிலேயே வாங்கலாம். வீட்டை வாங்க வருபவர் தன் தலையில் வேறொருவரின் கடன் ஏறுவதை விரும்புவாரா என்பது அடுத்த சிக்கல். 2015 ஜூலையில் அரசு பணத்தை நிறுத்தியது. கணக்காய்வு அலுவலகம் பிறகு பார்த்தபோது, சுமார் 14,000 வீடுகளே கடன் வாங்கியிருந்தன. ஒவ்வொரு கடனுக்கும் அரசு செலவழித்தது சுமார் 17,000 பவுண்.

2020 செப்டெம்பர் இறுதியில் கிறீன் ஹோம்ஸ் கிராண்ட் என்ற வவுச்சர். செலவில் மூன்றில் இரண்டு பங்கு, 5,000 பவுண் வரை. வருமானம் குறைந்தவர்களுக்கு முழுச் செலவும், 10,000 பவுண் வரை. 150 கோடி பவுண் ஒதுக்கி, ஆறு இலட்சம் வீடுகளைத் திருத்துவோம் என்றார்கள். ஆறே மாதத்தில், 2021 மார்ச் 31இல், விண்ணப்பம் மூடப்பட்டது. முடிவில் எதிர்பார்க்கப்பட்டது ஏறத்தாழ 47,500 வீடுகள். செலவாகும் என்று கணித்த 31.4 கோடி பவுணில் 5 கோடி நிர்வாகத்துக்கே.

ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிறிய கட்டடக்காரர் ஒருவர் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஆளைப் பழக்க வேண்டும், கருவி வாங்க வேண்டும். அதை முடித்து நிமிரும்போது திட்டம் போய்விட்டது. எனக்குத் தெரிந்த பூச்சு வேலைக்காரர் ஒருவர், நல்ல கைத்திறன் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளை, அந்த வருடம் பயிற்சிக்குக் கட்டிய காசு திரும்பி வரவே இல்லை. இனி எந்த அரச திட்டத்துக்கும் பதியமாட்டேன் என்று இருக்கிறார். நல்லவர்கள் இப்படி ஒதுங்கும்போது, வேகமாகத் தொடங்கி வேகமாக மூடத் தெரிந்த நிறுவனங்கள்தான் களத்தில் மிஞ்சுகின்றன. 98 விழுக்காடு என்ற எண்ணுக்கு வேர் இங்கேயும் இருக்கிறது என்பது என் கணிப்பு.

2025 நவம்பர் 2

ஜேர்மனி, ஹம் நகரிலிருந்து எழுதியவருக்கு நன்றி; காமாட்சி அம்மன் கோயிலுக்கு வந்தபோது அந்தப் பக்கத்து வீடுகளின் தடித்த சுவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர் சொல்லும் வேறுபாடு முக்கியமானது. அங்கே சுவருக்கும் கூரைக்கும் காப்புப் போடக் கிடைக்கும் மானியம் இங்கே சொல்வதுபோல முழுச்செலவு அல்ல. 15 விழுக்காடுதான், முன்கூட்டியே முழு வீட்டுக்கும் படிப்படியான திட்டம் போட்டு வைத்திருந்தால் இன்னும் 5. புதிய சூடாக்கும் முறைக்கு 30 விழுக்காட்டில் தொடங்கி, வருமானத்தையும் மற்ற நிபந்தனைகளையும் பொறுத்து 70 வரை போகும். ஒரு குடும்ப வீட்டுக்கு உச்சம் 21,000 யூரோ. பெரிய திருத்தம் என்றால் கே.எஃப்.டபிள்யூ. என்ற அரச வங்கி ஒரு குடியிருப்புக்கு 150,000 யூரோ வரை கடன் தந்து, வீடு எட்டும் தரத்தைப் பொறுத்து அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. சுவர்க் காப்புக்கு மானியம் வேண்டுமானால், அரச பட்டியலில் உள்ள ஒரு நிபுணர் முன்னே ஒரு தாள் எழுத வேண்டும், வேலை முடிந்தபின் இன்னொரு தாள் எழுத வேண்டும். இரண்டாம் தாள் இல்லாமல் காசு வராது. வீட்டுக்காரரும் தன் காசில் பெரும்பங்கு போடுகிறபடியால், அவரும் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

ஆனால் அங்கேயும் பணக் குழாயைத் திடீரென்று மூடியிருக்கிறார்கள். 2022 ஜனவரி 24ஆம் திகதி, விண்ணப்பங்கள் அளவுக்கு மீறிக் குவிந்ததால், கே.எஃப்.டபிள்யூ. ஒரே காலையில் விண்ணப்பம் ஏற்பதை நிறுத்தியது. பழைய வீட்டைத் திருத்துபவர்களுக்கும் அது பொருந்தியது. அவர்களுக்கு மறு மாதம் திரும்பத் திறந்தார்கள்.

15 விழுக்காட்டு மானியத்தில் என் அக்காவைப் போன்ற ஒருவர் மிகுதி 85ஐ எங்கே தேடுவார் என்ற கேள்வியையும் ஹம் நண்பரிடம் வைக்கிறேன்.

2025 நவம்பர் 9

கிளாஸ்கோ வாசகருக்குச் சுருக்கமாக: உங்கள் விதி வேறு, இங்கிலாந்து விதியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஸ்கொட்லாந்தில் ஹோம் எனர்ஜி ஸ்கொட்லாந்து என்ற ஆலோசனைச் சேவை வழியாக வெப்பப் பம்புக்கு (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவிக்கு) 7,500 பவுண் மானியமும், அதற்கு மேல் 7,500 பவுண் வரை வட்டியில்லாக் கடனும் உண்டு. கிராமப்புறமும் தீவுகளும் என்றால் மானியம் 9,000. முதலில் அவர்களுடைய ஆலோசகரோடு கதைக்க வேண்டும். எழுத்தில் சம்மதம் வருமுன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடைக்காது. விற்க வராத ஒருவர் முதலில் வீட்டைப் பற்றிக் கதைக்கிறார் என்பதால் இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும்.

2025 நவம்பர் 16

வெப்பப் பம்பைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 மே முதல் பொய்லர் அப்கிரேட் திட்டம் நடக்கிறது. தொடக்கத்தில் 5,000 பவுண், 2023 ஒக்டோபர் முதல் 7,500. பொருத்துபவரே ஒஃப்ஜெம் என்ற எரிசக்தி ஒழுங்குபடுத்தும் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, உங்கள் விலையிலிருந்து அந்தத் தொகையைக் கழிக்கிறார். வருமான வரம்பு இல்லை. இதன்மேல் வற் வரியும் 2027 மார்ச் வரை பூச்சியம்.

இனிக் கணக்கு. இந்தக் காலாண்டின் (2025 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை) விலை உச்சவரம்பில் மின்சாரம் ஓர் அலகு 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ். பொய்லர் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் பயன்படுத்துகிறது என்று வைத்தால், ஓர் அலகு வெப்பத்தின் விலை ஏறத்தாழ 7 பென்ஸ். பம்பு ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வெப்பம் தந்தால் 8.8 பென்ஸ், நான்கு தந்தால் 6.6. அதாவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே எங்கோ உங்கள் இலாபமும் நட்டமும் நிற்கிறது. நான்கை எட்ட வேண்டுமானால் தண்ணீரை மிதமான சூட்டில் ஓடவிட்டே வீடு சூடாக வேண்டும். அதற்குப் பெரிய ரேடியேற்றர்களோ, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சுவர்களோ வேண்டும். நாள் முழுவதும் வீட்டில் முதியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு, மெதுவாக இடைவிடாமல் சூடாக்கும் இந்த முறை நன்றாகப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும்.

லொஃப்ட், சுவர்க் காப்புப் பரிந்துரைகளை முதலில் நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையை 2024இல் நீக்கினார்கள். விண்ணப்பம் இலகுவானது, ஆனால் வீட்டை முழுதாகப் பார்க்கும் கடைசிக் கட்டாயமும் அதோடு போயிற்று. லொஃப்டை முதலில் நிரப்புங்கள் என்று சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன்.

2025 நவம்பர் 28

புதன்கிழமை வரவுசெலவுத் திட்டத்தில், ஈ.சி.ஓ. திட்டத்துக்குப் பின் அதே வகையில் இன்னொன்று வராது என்று அறிவித்துவிட்டார்கள். அதன் செலவை பில்லிலிருந்து எடுப்பதும், பழைய புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கட்டணத்தின் பெரும்பகுதியை வரிப்பணத்துக்கு மாற்றுவதும் சேர்ந்து, ஏப்ரல் முதல் சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பவுண் குறையும் என்கிறார்கள்.

இதை நான் முழு மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. பழுதான திட்டம் ஒழிந்தது சரி. ஆனால் பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக, நல்லதோ கெட்டதோ, வறிய வீடுகளின் சுவரைத் தொட்ட பெரிய பணம் அதுதான். இனி எவ்வளவு, எந்த வழியில் வரும் என்பதைச் சொல்லாமல் கதவைச் சாத்தினால், நல்ல வேலைக்காரர்களும் மீண்டும் கலைந்து போவார்கள். 2020இல் நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. திட்டம் மூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் வாசலுக்கு வருபவர்களின் அவசரம் கூடும். "மார்ச்சுக்கு முன் கையெழுத்து வைக்காவிட்டால் போய்விடும்" என்று சொல்வார்கள். சொன்னால் போகட்டும் என்று விடுங்கள்.

2025 டிசெம்பர் 14

"போகட்டும் என்று விடுங்கள்" என்று எழுதியதைப் பற்றிச் சில நாட்களாக யோசித்தேன். லூவிஷமிலிருந்து ஒருவர், பெயர் போடாமல், நீண்ட கடிதம் எழுதியிருந்தார். மாமியார் ஒரு அறையை மட்டும் சூடாக்கி, பகல் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறாராம். குறையோடு வரும் உதவியும் அவருக்கு உதவிதான். பொறுத்திருக்கச் சொல்வதற்கு எங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கிறார்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. காசுள்ளவர் ஆறுதலாக ஆராய்ந்து, தனக்குப் பிடித்த ஆளை அமர்த்தலாம். இல்லாதவருக்கு வாசலில் வரும் ஆள்தான் வழி. அதனால் என் சொல்லை இப்படிப் பிரிக்கிறேன். லொஃப்ட், கதவு யன்னல் இடுக்குகள், உடைந்த பொய்லர் ஆகியவற்றுக்கு உதவி வந்தால், ஆளின் பதிவைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள், காத்திருக்கத் தேவையில்லை. சுவரை மூடும் வேலைக்கு மட்டும் நில்லுங்கள். இலகுவில் திரும்பப் பிரித்தெடுக்க முடியாத வேலை அது.

வாசலில் வருபவரைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. இந்த ஏப்ரலில் தொடங்கிய வார்ம் ஹோம்ஸ் உள்ளூர் மானியம் கவுன்சில்கள் வழியாக வருகிறது. வீட்டு வருமானம் 36,000 பவுணுக்குள் இருந்து, வீடு டி முதல் ஜி வரையான தரத்தில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். காப்பு முதலிய வேலைகளுக்கு 15,000 பவுண் வரை, சூடாக்கும் முறைக்கு இன்னொரு 15,000 வரை. மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வேலை பிழைத்தால் போய் நிற்க ஒரு கட்டடமும் ஒரு கவுன்சிலரும் இருக்கிறார்கள்; அக்காவுக்கு இன்று அதுகூட இல்லை, அந்த நிறுவனத்தின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.

மோசடியைப் பற்றிக் கேட்டவருக்கு: செய்யாத வேலைக்கும் காசு போயிருக்கிறது. 5,600 முதல் 16,500 வரையான வீடுகளின் பெயரில் பொய்க் கோரிக்கைகள் வந்திருக்கலாம், தொகை 5.6 கோடியிலிருந்து 16.5 கோடி பவுண் வரை இருக்கலாம் என்பது ஒஃப்ஜெம் மதிப்பீடு. உங்கள் வீட்டு முகவரியில் எந்த வேலை பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

2026 ஜனவரி 4

ஹரோ வாசகர் திரும்பி வந்திருக்கிறார். கையெழுத்து வைக்கவில்லை. காற்றோட்டத்தைப் பற்றி எழுத்தில் கேட்டதும் அந்த மனிதர் திரும்பி வரவே இல்லையாம்.

அவரிடம் ஒரு சின்ன வேலை சொல்லியிருந்தேன். 1930களின் வீடுகளில் சில ஒற்றைச் சுவர், பல இரட்டைச் சுவர், அதாவது நடுவே இடைவெளி உள்ளவை. செங்கல் வெளியே தெரிந்தால் இலகு: எல்லாக் கல்லும் நீளவாட்டில் கிடந்தால் இடைவெளி இருக்கும், நீளமும் குறுக்கும் மாறிமாறி வந்தால் ஒற்றைச் சுவர். அவருடைய சுவர் கூழாங்கல் பூச்சு, கல் தெரியாது. அதனால் வாசற்கதவு நிலையில் சுவரின் தடிப்பை அளக்கச் சொன்னேன். 28 சென்ரிமீற்றர். ஒன்பது அங்குல ஒற்றைச் சுவர் பூச்சோடு சேர்ந்தாலும் அவ்வளவு வருவது அரிது. இடைவெளிச் சுவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் அந்த வீட்டுக்கு வெளிச்சுவர் மழையங்கியைப் பேசுமுன், இடைவெளியை நிரப்பும் எளிய வேலையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். செலவில் பலமடங்கு குறைவு. ஏன் பேசவில்லை என்பதற்கு அவரவர் முடிவுக்கு வரலாம். பெரிய வேலைக்குப் பெரிய புள்ளி என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நிரப்புவதற்கும் அவசரம் வேண்டாம். சிறு துளையிட்டுக் கமெரா விட்டு, உள்ளே கட்டடக் கழிவு விழுந்து கிடக்கிறதா, இரு பக்கத்தையும் சேர்க்கும் இரும்புப் பிணைப்புகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மேற்குக் கரையோரத்தில் மழை அறைந்து பெய்யும் இடங்களில் நிரப்பாமல் விடுவதே நல்லது. ஹரோ அப்படியான இடம் அல்ல. நிரப்பினால் 25 வருட உத்தரவாதத் தாளைக் கையில் வாங்கி வையுங்கள்.

2026 ஜனவரி 25

21ஆம் திகதி வெளியான அரசின் புதிய வார்ம் ஹோம்ஸ் திட்டத்தைப் பற்றி: மொத்தம் 1,500 கோடி பவுண், 2030க்குள் 50 இலட்சம் வீடுகள் வரை, வறிய வீடுகளுக்கு நேரடி உதவி, மற்றவர்களுக்கு வட்டியில்லாத அல்லது குறைந்த வட்டிக் கடன், எல்லாவற்றுக்கும் ஒரு புதிய முகவர் நிறுவனம்.

கடன் திரும்பி வருவதை வரவேற்கிறேன். கிறீன் டீலின் நியாயமான பாதி அது, இம்முறை வட்டியின் சுமை இல்லாமல். நடுத்தர வருமானக் குடும்பங்கள், எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர், இதுவரை இரண்டு பக்கத்திலும் விழாமல் நடுவில் நின்றவர்கள். ஆனால் சூரியத் தகடு, பற்றரி, வெப்பப் பம்பு என்று பெட்டியில் வரும் பொருள்களின் மேல் கண் அதிகம் விழுந்திருக்கிறது. ஈரலிப்பு, கூரையோரம், காற்றுக் கல் என்பவை பெட்டியில் வருவதில்லை. புதிய முகவர் நிறுவனம், வேலை முடிந்து ஒரு குளிர்காலம் கழிந்தபின் வீட்டுக்குத் திரும்பிவந்து பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்குமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் தொகுதியில் எழுதுங்கள்.

2026 ஜனவரி 31

இரண்டு செய்திகள்.

அக்காவின் வீட்டை ஒஃப்ஜெம் மேற்பார்வையிலான பரிசோதனையில் சேர்த்து, ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்காரர் கைக்காசு போடாமல் திருத்தப்பட வேண்டும் என்பது அரசு சொன்ன சொல். கூரை ஓரத்தை நீட்டுவதா, பலகை முழுவதையும் கழற்றுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. இதற்கிடையில் குசினிக்கும் குளியலறைக்கும் விசிறியை நாங்களே போட்டுவிட்டோம், மூடிய காற்றுக் கற்களையும் திறந்துவிட்டோம். படிக்கட்டுச் சுவர் காய்கிறது. அலுமாரிக்குப் பின்னால் இன்னும் இல்லை.

ஹரோவில் கமெரா விட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு பக்கம் சுத்தம். வடக்குச் சுவரின் அடியில் பழைய சாந்துக் கட்டிகள் விழுந்து, இடைவெளியை ஓரிடத்தில் அடைத்திருக்கின்றன. நிரப்புமுன் அதைக் கிளற வேண்டும். அந்தச் செலவையும் கவுன்சில் மானியம் ஏற்குமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் வந்ததும் இங்கே போடச் சொல்லியிருக்கிறேன். அதே கேள்வி உள்ளவர்கள் தங்கள் கவுன்சிலின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பதில் சொல்கிறது.